கொரியர்காரனிடம் மட்டும் செல்லும் கையெழுத்து

அக்கா, பூனாவில் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். பழகிவிட்டேன். நீ சாப்பிடுகிறாயா? ஜெயிலுக்குப் போய் மாமாவைப் பார்ப்பதையே நீ நிறுத்திவிட்டதாக அம்மா சொன்னாள். அது தப்பு. அந்தப் பாய்லர் சான்றிதழில் அவர் சைன் போடவில்லை.

வாழப்பாடிக்கு அந்தப் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் பாய்லரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கப் போன மாமா, அவர் ஆபீஸில் கொரியர் வாங்கிவைத்துக்கொண்டிருந்த என்னையும் கூட்டிப்போயிருந்தார். அழுத்தம் ஏறினால் நீராவியைத் திறந்துவிடும் வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தது. "மாத்தாம நான் சைன் போடமாட்டனுங்க" என்றார். ஆலைக்காரர் விளையாட்டாக என்னைக் காட்டி, "அப்ப தம்பி போடட்டுங்க" என்றார்.

மாமா சிரித்தார். "எம்பட மச்சினன் சைனா? அது கொரியர்காரன்கிட்ட மட்டுந்தானுங்க செல்லும்."

பாய்லர் ஓட்டுகிறவர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மாமாவின் கையெழுத்து, பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் இருக்கிறது. அதைச் செருகி பாஸ்வேர்ட் அடித்தால் சான்றிதழில் பச்சை டிக் விழும். பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும். காகிதத்தில் போட்டதை என்னுடையது இல்லை என்று வாதாடலாம். இதில் முடியாது. ஆனால் எல்லா ஆபீஸையும் போல மாமா ஆபீஸிலும் டோக்கன் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடக்கும். பாஸ்வேர்டைத் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். உன் பெயர்தான், சத்யபிரியா.

மறுநாள் அவர் ஊட்டுக்குச் சாப்பிடப் போனபோது, வால்வு நன்றாக இருக்கிறது என்று நானே டைப் செய்து, அவர் கையெழுத்தைப் போட்டு ஆலைக்கு அனுப்பினேன். ஆலைக்காரர் பாய்லரை மூட்டினார்.

செத்துப்போன முத்தாயம்மாள் மேலும் உஷாராணி மேலும் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பக்கத்தில் மாவு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அது வெடித்தால்தான் சான்றிதழை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் காத்திருந்தேன். அதிக நாள் ஆகவில்லை.

நீ போனில் அழுதாய். "அவரு போடவே இல்லைங்கறாரு. நீ என்னடா சொல்ற?" என்று கேட்டாய். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றேன். அது பொய் இல்லை. யாருடைய டோக்கன் என்று அது சரியாகத்தான் சொன்னது. யாருடைய விரல் என்று அதை யாரும் கேட்கவில்லை. நீயும் என்னைக் கேட்கவில்லை.

இப்போது உன் மனசு ஆறட்டும் என்றுதான் சொல்கிறேன். இது என் போன் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு ஒடியாக்காரரிடம் அவசரம் என்று வாங்கினேன். நான் பேசப் பேச அதுவே டைப் செய்துகொள்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

நீ இதை வக்கீலிடம் காட்டுவாய். சொன்னது உன் தம்பி அறிவுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி, கையெழுத்து எங்கே என்று அவர் கேட்பார். எழுதி சைன் போட்டு அனுப்பு என்று நீ என்னிடம் கெஞ்சுவாய்.

போடலாம் அக்கா. ஆனால் என் கையெழுத்து எங்கே செல்லும் என்று முதலில் மாமாவிடம் கேள்.