அயர்லாந்து மலையில் வெறுங்காலோடு

அடுத்தவர் கதையை ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. பொய். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னது எதுவும் ஏறாத காது இது, ஆனால் ஊர்க்கதை மட்டும் நன்றாக ஏறும். இத்தாலியின் பலெர்மோ நகரில், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில், விசா அலுவலாக நின்றவர்களின் வரிசையில், எனக்குப் பின்னால் இரண்டு தமிழர் நின்றார்கள்.

"அயர்லாந்திலை நான் வெறுங்காலோடை மலை ஏறினனான்," என்றார் மூத்தவர்.

"ஏன் அண்ணை, சப்பாத்து இல்லையோ?"

"நான் வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டுக்காரர் லீவுக்குப் போகேக்கை சமைக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனவை. ஒருநாள் எல்லாரும் மலைக்கு வெளிக்கிட்டினம். இஞ்சை மலையிலை இருக்கிற சாந்தா ரொசாலியா கோயிலுக்கு நேத்தி வைச்சு ஏறுற மாதிரி எண்டு நினைச்சு, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மெழுகுதிரியோடை ஏறினன்."

"மேலை எந்த மாதா?"

"ஒருத்தரும் இல்லையடா. கல்லுக் குவியலும் ஒரு செம்மறி ஆடும்தான். அவையள் சும்மா நடக்க வந்தவை."

"பிறகு?"

"ஏறினது ஏறியாச்சு. ஊரிலை இருக்கிற என்ரை மனுசிக்கு விசா வேணுமெண்டு வாய்விட்டுக் கேட்டன். வீட்டிலை தமிழிலை கதைக்க ஆரடா இருக்கினம்?"

"ஆட்டிட்டையோ கேட்டனீங்கள்?"

"அதுதான் நிண்டு கேட்டது."

"விசா வந்ததோ?"

"இண்டைக்குத்தான் சொல்லுவினம். இல்லையெண்டு சொன்னா நான்..."

அந்த நேரம் பார்த்து யன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.