எலிக்கு வலி இல்லை என்று

ஹலோ... ஹலோ, அண்ணே, நான்தான். எலி ரூம்லதானே இருக்கீங்க?... சரி சரி, கூண்டைச் சாத்திட்டே வாங்க, அவசரமில்ல... இல்ல, அவசரந்தான்.

பேட்டண்ட் ஆபீஸ் வராந்தாவுல நிக்கறேன். இன்னும் பத்து நிமிஷத்துல கூப்பிடுவாங்களாம்... ஆமா, ஆமா, நம்ம எலிக்குத்தான். புத்துநோய் தானா வர்ற மாதிரி ஜீனை மாத்திப் பிறக்க வெச்சோமே, அந்த எலி நம்ம கண்டுபிடிப்புன்னு காப்புரிமை கேட்டிருக்கோம்.

...என்னது? எலியைப் படைச்ச கடவுள் எப்போ விண்ணப்பம் போட்டாருன்னா கேக்கறீங்க?... நல்லா கேட்டீங்க போங்க. இங்க இருக்கற ஆபீசர் காதுல விழுந்தா உங்களைப் பக்கத்துலயே உக்கார வெச்சுக்குவார்.

...இல்லண்ணே, எனக்குச் சிரிப்பு வரல. அவரும் ஏறக்குறைய அதைத்தான் கேக்கறார். ஒரு உயிரை வதைச்சுச் செஞ்சதுக்கு உரிமை குடுக்கறது தர்மமான்னு. அது படுற பாட்டைவிட மனுஷனுக்குக் கிடைக்கிற நன்மை பெருசா இருந்தாத்தான் குடுப்பாராம்... ம்... ம்... நன்மை இருக்குண்ணே. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. தராசுல அந்தத் தட்டு சரியாத்தான் இருக்கு. இன்னொரு தட்டுலதான் நான் கை வெச்சுட்டேன்.

...சொல்றேன், சொல்றேன். போன மாசம் ஒரு தாள்ல உங்ககிட்ட கையெழுத்து வாங்கினேனே... ஆமா, கை ஈரம்னு சட்டையில துடைச்சுட்டுப் போட்டீங்களே, அதுதான்... படிச்சுக் காட்டறேன்னு நான் சொல்லல. நீங்களும் கேக்கல... நம்பிக்கைதானே, தெரியும். அதனாலதான் இப்ப கூப்பிட்டேன்.

'ஆறு வருஷமா இந்த எலிகளைப் பாத்துக்கறேன், எதுக்கும் வலி இருந்த அறிகுறியே இல்ல'ன்னு அதுல இருக்கு. நீங்களே சொன்னதா. எழுதினது நான்.

...ஆமா, தெரியும். தூக்கினா கத்துதுன்னு சொன்னீங்க. கட்டி பெருசானதெல்லாம் மூலையில முதுகைக் குறுக்கிட்டு நிக்குதுன்னு சொன்னீங்க. நோட்டுல தேதி போட்டு எழுதியும் வெச்சீங்க. எல்லாம் படிச்சேன். படிச்சுட்டுத்தான் அப்படி எழுதினேன்.

...திட்டுங்க, பரவாயில்ல... என்ன?... நோட்டைக் கிழிச்சுப் போடறீங்களா? எனக்காகவா?... வேண்டாண்ணே. இங்க வந்து வலி இல்லன்னு சொல்லவும் வேண்டாம்... தங்கச்சி மாதிரிதான், இல்லேங்கல. அந்தத் தங்கச்சிதானே உங்க பேர்ல பொய் எழுதினா. மறுபடியும் அதையே உங்க வாயால சொல்ல வெச்சா நான் மனுஷியா?

...காப்புரிமை கிடைக்கலேன்னா கிடைக்கல. ஆறு வருஷ வேலை போகும். நம்ம இயக்குநர் என்னைச் சும்மா விடமாட்டார்... ம், வேலையும் போகலாம். ஆனா உள்ளே போனதும் முதல்ல அந்தத் தாளைத் திருப்பிக் கேக்கறேன். நோட்டுல இருக்கறதைச் சொல்றேன். அப்புறம் ஆபீசர் எடை போட்டுக்கட்டும்.

...கூப்பிடறாங்கண்ணே. வெக்கட்டுமா?... கேளுங்க, சீக்கிரம்...

வலி மருந்தா?

...ஆமா. ரெண்டு தடவை கேட்டீங்க. சோதனை கெட்டுப்போகும்னு நான்தான் தடுத்தேன்...

குடுங்கண்ணே. இப்பவே... ஆமா, கெட்டா கெடட்டும். மூலையில நிக்கறதுங்களுக்கு முதல்ல குடுங்க. வெக்கறேன்.