வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கடைசி வரிசையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் பழைய பீரங்கிப் படைத் தோழர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பற்றியபடி இருக்கும் அண்ணி அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஒலிபெருக்கிக்காரரே, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இன்றைக்கு ஒரு நாளாவது இந்த ஒலிபெருக்கி கீச்சிடாமல் இருக்கட்டும்.

தோழர்களே, மேலே பாருங்கள். இந்தக் கூடத்தின் நான்கு குழல்விளக்குகளும் எரிகின்றன. நான் சங்கத்துக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி எரிந்து பார்த்ததில்லை. "முன்னாடி ரெண்டையும் அணைச்சிருங்கய்யா, புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டுக்கொண்டே உள்ளே வருவாரே, அவர் எங்கே? வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாரே, அவர் எங்கே? புதிதாக வந்த ஒருவர் என்னிடம், "இவரு சினிமாவுல இருந்தவரா?" என்று கேட்டார். அதைச் சொன்னபோது நம் மனுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமாண்டா, ஒரே காட்சியைத்தான் இருபது வருஷமா நடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார்.

மனுக்காரர்! சங்கத்தின் மதிப்புறு மனு எழுத்தர்! அவர் பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது. திங்கட்கிழமை காலை அந்த மூலை மேசையில் உட்கார்ந்தால், வரிசையில் வருகிற கடைசி ஆளின் மனுவையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இங்கே யாருக்கு அவர் மனு எழுதித் தரவில்லை? முதுகு போனவருக்கு எழுதினார். தூக்கம் போனவருக்கு எழுதினார். நம் சமையல்காரர், கை வெந்து போனவர், தன் காயத்தைச் சொல்லவே வெட்கப்பட்டார். "போர்க்களத்துல பட்டாத்தான் காயமா? அடுப்படியில பட்டா கையில இருக்கறது வேற தோலா?" என்று அவரைத் திட்டித் திட்டிச் சொல்ல வைத்து, எழுதி, உதவித்தொகை வாங்கிக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் வழி திறந்தவர். அவருடைய சொந்த மனு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஏன் வந்தது? அதைச் சொல்லத்தான் நின்றிருக்கிறேன். சொல்லாமல் உட்காரக் கூடாது என்று சட்டைப்பையில் ஒரு தாளையும் வைத்திருக்கிறேன்.

பயிற்சியின்போது பீரங்கி அவர் பக்கத்தில் தவறாக வெடித்தது. காதிலிருந்து ரத்தம் வந்தது. அன்று முதல் ஓயாத இரைச்சல். ரத்தத்தை மருத்துவர் கண்ணால் பார்த்தார், ஆகவே காது ஏட்டில் ஏறியது. சில வாரங்களில் ஒற்றைத் தலைவலி தொடங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை. யார் பார்க்க முடியும்? அது என்ன, ஒழுகுமா? கண்ணோரத்தில் வெளிச்சம் கோணல்மாணலாக ஓடும், பிறகு பாதித் தலையைப் பிடுங்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும் என்பார்.

காதினால்தான் தலைவலி வந்தது, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்று உதவித்தொகை வாரியத்துக்கு எழுதினார். அங்கிருந்த அதிகாரி, "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க பெரியவரே" என்றார். இவர் விடுவாரா? "ஐயா, என் காது முழங்கால்லயா இருக்கு? தலையிலதானே இருக்கு!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மனு திரும்பி வந்தது.

மருத்துவச் சோதனைக்கு நாள் குறித்தார்கள். வலி வந்த நாளில் அவரால் எழுந்திருக்க முடியாது. 'வரவில்லை' என்று குறித்தார்கள். மறுபடி நாள், மறுபடி வலி, மறுபடி 'வரவில்லை'. மூன்றாம் முறை வலி இல்லை, போனார். "நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார் மருத்துவர். "நல்லா இருக்கறதாலதாங்க வந்தேன். நல்லா இல்லாத அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வாங்க" என்றார் இவர். 'நலமாகக் காணப்படுகிறார்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். வலி வந்த நாட்களைக் குறித்துக் காட்டச் சொன்னார்கள். அவர் மனைவி, நம் அண்ணி, குறித்தார்கள். பாதிக்கப்பட்டவர் கையெழுத்தில் இல்லை என்றார்கள். வலியோடு இவரே குறித்தார். எழுத்து தாளை விட்டே ஓடியது. படிக்க இயலவில்லை என்றார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், தோழர்களே!

வலி வந்தால் குளியலறைத் தரையில் படுப்பார். அந்த வீட்டில் சன்னல் இல்லாத அறை அது ஒன்றுதான். அண்ணி முதலில் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றுவார்கள், அதன் டிக் டிக் சத்தம்கூட அவருக்கு ஆகாது. "எங்க வீட்டுல மட்டும் மணி கேக்காதீங்க தம்பி, அது அவரு எழுந்த நேரத்தைத்தான் காட்டும்" என்பார்கள். மகள் பள்ளிப் பாடத்தை வாய்விட்டுப் படிக்காமலே வளர்ந்தாள். ஒருவர் உள்ளே கிடந்தார், மூன்று பேர் சிறையில் இருந்தார்கள்.

எல்லா மறுப்புக் கடிதத்திலும் கடைசியில் ஒரே வரி. 'பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளில், குறை ஏதும் இல்லை என்று தாங்களே கூறியுள்ளீர்கள்.'

அவர் கூறினாரா? கூறினார். ஏன் கூறினார்?

இங்கே எத்தனை பேர் அவரவர் பணியின் கடைசி நாளில் அப்படி வரிசையில் நின்றிருக்கிறீர்கள்? தலையாட்டுகிறீர்களே, தெரிகிறது. முப்பது பேருக்கும் சேர்த்து ஒரே விடுவிப்புத் தாள். ஒருவன் 'எனக்கு வலி' என்று வாயைத் திறந்தால் அவனைச் சோதனைக்கு அனுப்புவார்கள், அவன் திரும்பி வரும்வரை முப்பது பேரும் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் நமக்குள் ஓர் எழுதாத சட்டம். வரிசையைக் கெடுக்காதே! மருத்துவர் "குறை ஏதும் உண்டா?" என்பார். "இல்லை, ஐயா!" மேலே நகரு, அடுத்த ஆள்.

அன்று காலை மனுக்காரர் கழிப்பறைக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்தார். அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தவன் நான். வரிசையில் நின்றபோது, "தம்பி, இன்னிக்காவது சொல்லிடறேண்டா, தாங்கலடா" என்றார். எனக்குப் பிறந்து நான்கு மாதமான, நான் இன்னும் பார்க்காத பிள்ளை வீட்டில் இருந்தான். நான்கு மணி வண்டியை விட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்த வண்டி. நான் அவர் முதுகில் விரலால் குத்தினேன். "அண்ணே, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டு வாண்ணே! வண்டி போயிரும்!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்லை, ஐயா" என்றார். எனக்கு வண்டி கிடைத்தது.

இதை அப்போதே வாரியத்திடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? கேளுங்கள். எனக்கு முழங்கால் போனபோது மனு எழுத அவரிடம்தான் போனேன். குண்டுப் பெட்டி ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்தது உண்மை. ஆனால் நானும் வரிசையில் 'இல்லை' என்றவன்தானே? அதை மறைக்க, "டாக்டர் எங்க யாரையும் எதுவுமே கேக்கலைன்னு எழுதுங்கண்ணே" என்றேன். பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "கேக்கலையாடா?" "கேக்கலைண்ணே." எனக்கு நேர் முன்னால் நின்று பதில் சொன்ன மனிதரிடம் சொல்கிறேன்! அவர் எழுதினார். அவர் கையால் எழுதிய ஒரே பொய் அதுதான். என் முழங்காலுக்கு உதவித்தொகை வந்தது.

அந்தப் பொய் அவரையும் கட்டிப்போட்டது, என்னையும் கட்டிப்போட்டது. நான் சாட்சிக்கு வந்தால் என் முழங்கால் மனு பொய்யாகும், என் உதவித்தொகை போகும். அதனால் அவர் என் பெயரை வாரியத்திடம் சொல்லவே இல்லை. ஒரு முறை நானே அரைமனதாகப் பேச்செடுத்தேன். "வேணாண்டா, என் தலைக்காக உன் காலை உடைக்கணுமா?" என்றார். நானும் 'அப்பாடா' என்று இருந்துவிட்டேன். ஆமாம், தோழர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், 'அப்பாடா' என்றுதான் இருந்தது!

அண்ணி ஒரு நாள் டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்கள். "தம்பி, அன்னிக்கு வரிசையில பின்னாடி நின்னது யாருன்னு இவரு சொல்லவே மாட்டேங்கறாரு. உங்களுக்காவது தெரியுமா?" நான் டீயைக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன்.

சென்ற வாரம், அவரை அடக்கம் செய்த பிறகு, வாரியத்திலிருந்து அவர் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. விடுவிப்பு நாளில் நடந்ததை நேரில் கண்ட ஒருவரின் வாக்குமூலம் இருந்தால் மனுவை மீண்டும் எடுப்பார்களாம். மனுதாரர் இல்லாவிட்டால் மனைவி நடத்தலாமாம். அன்று எங்களைச் சுற்றி நின்றவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான்.

இதோ அந்தத் தாள். என் கையால் எழுதியது, கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைவலி, வாந்தி, வண்டி, நான் குத்திய விரல், எல்லாம் இருக்கிறது. என் முழங்கால் மனுவில் இருக்கும் பொய்யும் இருக்கிறது. போகிற உதவித்தொகை போகட்டும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கட்டுகிறேன். தலைவர் அவர்களே, உங்கள் பேனாவைக் கொடுங்கள், இந்தச் சபை பார்க்கக் கையெழுத்திடுகிறேன். வருகிற திங்கள் முதல் அந்த மூலை மேசையில் நான் உட்காருவேன். வரிசையைக் கெடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்ட ஒவ்வொருவரும் வாருங்கள். அவர் விட்ட இடத்திலிருந்து எழுதுவோம். பொய் மட்டும் எழுத வேண்டாம்.

அண்ணி, பின்னாடி நின்னது நான்தான் அண்ணி. என்னை மன்னிக்கணும்னு கேக்கல. இந்தத் தாளை மட்டும் வாங்கிக்குங்க.

யாராவது முன்விளக்கு இரண்டையும் அணையுங்கள். என் அண்ணனே, நம் வரிசை இப்போதுதான் நகர்கிறது, என் முறை வந்திருக்கிறது. குறை ஏதும் உண்டா என்று கேட்கிறார்கள்.

உண்டு, ஐயா.