கூரையில் தீட்டிய செஞ்சிலுவை

பொம்பர் விமானம் தாழ்ந்து வருகிறது. நான் ஆஸ்பத்திரிக் கூரையில் நிற்கிறேன். ஆஸ்பத்திரி என்றால் பள்ளிக்கூடம்தான். பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளில் காயக்காரர். அம்மாவும் உள்ளேதான். காலில் ஷெல் துண்டு. பக்கத்தில் தங்கை மாலா. டொக்டர் கேட்டதால் தகரத்தில் வெள்ளைச் சதுரம் அடித்து, அதன்மேல் செஞ்சிலுவை தீட்டியிருந்தேன். இன்னும் காயவில்லை.

கீழே ஒருவன் கத்துகிறான்.

“பொம்பர்! குதியுங்கோ அண்ணை, குதியுங்கோ!”

குதிக்கவில்லை. சிலுவையைப் பார்த்தால் விமானி போய்விடுவான் என்று நினைத்தேன். பார்த்தான். வட்டமடித்தான். திரும்பி வந்தான். முதலில் இரைச்சல். பிறகு நீளமான கூவல். பிறகு எதுவுமே கேட்கவில்லை. வேலியடியில் கிடந்தேன். வாய் நிறையச் சுண்ணாம்புத் தூள். கூரை இல்லை.

அது யாழ்ப்பாணம்.

பல வருடங்கள் கழித்து, இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு வசந்தம். ஜெர்மனியில், லைப்சிக் நகருக்கு வெளியே ஒரு பழைய ரயில் கொட்டகை. என்னோடு வேலை செய்யும் சிவம் அண்ணையும் நானும் பெயின்ட் அடிக்கப் போகிறோம். பழைய சரக்குப் பெட்டிகளைக் கோடைக்காலக் கண்காட்சிக்குத் தயார்படுத்துகிறார்கள். அதில் ஒன்று உலகப்போரில் காயக்காரரை ஏற்றிய பெட்டி.

ஏணியில் ஏறுகிறேன். பெட்டியின் கூரையைச் சுரண்டுகிறேன். கறுப்புக்குக் கீழே வெள்ளை. அதன் நடுவில் சிவப்பு. சிலுவை. சிலுவைக்குள்ளேயே துளைகள். தகடு உட்பக்கமாக மடிந்திருந்தது. மேலே இருந்து சுட்டிருக்கிறார்கள்.

பொறுப்பாளர் வந்தார். சிரித்த முகமுள்ள ஜெர்மன்காரர். துளைகளைப் பசை வைத்து அடைக்கச் சொன்னார். சிலுவை பளிச்சென்று தெரியவேண்டுமாம். சனம் மேம்பாலத்தில் நின்று படமெடுக்குமாம். சுட்டபோது உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். சிரித்தபடியே.

அவர் போனதும் சிவம் அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

“பேசாமல் அடியடா தம்பி. வேலை போனால் உன்ர விசா என்னாகும்?”

“ஏலாது அண்ணை. இன்னொருக்கா என்ர கையால ஏலாது.”

தூரிகையை வைத்தேன். இறங்கி, தண்டவாளத்தருகே வாந்தி எடுத்தேன். மறுநாள் என்னை வரவேண்டாம் என்றார்கள். துளைகளைச் சிவம் அண்ணை அடைத்தார். அவரில் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகுட்டிக்காரர்.

கோடையில் போய்ப் பார்த்தேன். மேம்பாலத்தில் கூட்டம். ஐஸ்கிரீம் வழியும் கைகள். கீழே மினுங்கும் சிலுவை. ஒரு கீறல் இல்லை. அது யாரையோ காப்பாற்றியது என்றே பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். காறித் துப்பவேண்டும் போலிருந்தது. துப்பினேன்.

அந்தப் பெட்டியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் செத்தவர்களை நான் எண்ணினேன். எழுதி வைக்கிறேன்.

வாங்குகளில் கிடந்த பதினொரு காயக்காரர். டொக்டர். தாதிமார் இருவர். என்னைக் குதிக்கச் சொல்லிக் கத்தியவன், பெயர் தெரியாது. அம்மா. மாலா. அவளைச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.