புழு சாக மாட்டேங்குது

லான்: ...அப்ப வாலை யாரு ஆட்டினா? காத்தா?

ஹோய்: எறும்பு கடிச்சுது.

லான்: காலையில தும்மல். அப்புறம் கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. இப்ப எறும்பு. அடுத்து என்ன, பூகம்பமா?

ஹோய்: சத்தியமா எறும்புதான், லான். வால் பூரா சர்க்கரைப் பாகை ஊத்தி வச்சிருக்கானுங்க, பளபளன்னு தெரியணுமாம். இது சனி கிரகத்துலேர்ந்து வந்த புழுன்னு எறும்புக்கு யார் சொல்றது? அதுக்குக் கல்யாண விருந்து.

மாக்: ஏய் புழு! வேஷத்துக்குள்ள ரெண்டு பேருக்கும் என்ன பேச்சு? செத்த பிறகு வம்பளக்கிற புழுவை இப்பத்தான் பாக்கறேன்!

லான்: மன்னிச்சுக்குங்க, டைரக்டர்! தலை நல்லாத்தான் செத்துக் கிடக்குது. வாலுதான்...

மாக்: தெரியுது, தெரியுது! ஹீரோ சுட்டாச்சு. பூமி பிழைச்சாச்சு. மனுஷன் உன் முதுகுல ஒரு காலை வச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணியோட, "மனிதகுலமே, இனி அச்சமில்லை"ங்கறார். பின்னால வால் டொப்பு டொப்புன்னு அடிக்குது! தியேட்டர்ல ஜனம் சிரிச்சே செத்துப்போகும்!

ஹோய்: பயங்கரப் படம்னா யாராவது சாகணும்தானே, டைரக்டர்?

மாக்: வாயை மூடு, வாலு! தலையிருக்க வால் ஆடலாமா? டேய், ரத்தம் காஞ்சுபோச்சு, பச்சைக் கஞ்சியைக் கொண்டாங்கடா! மறுபடியும் மொதல்லேர்ந்து ஊத்துங்க!

லான்: டைரக்டர், எப்ப முடியும்? எனக்குச் சாயங்காலம் சிங்கப்பூர்க் கப்பல்...

மாக்: வால் செத்த அடுத்த நிமிஷம் தையலைப் பிரிச்சு உன்னை வெளிய விட்டுடறேன். கப்பலைப் பிடிக்கிறது வாலோட கையில இருக்கு.

லான்: கேட்டுக்கிட்டியா?

ஹோய்: வாலுக்குக் கை ஏது?

லான்: ஹோய்.

ஹோய்: கேட்டுச்சு, கேட்டுச்சு... பெட்டியெல்லாம் கட்டியாச்சா?

லான்: ம்.

ஹோய்: எந்தத் துறையிலேர்ந்து போகுது?

லான்: துறையிலேர்ந்துதான். வேற எங்கேர்ந்து கப்பல் போகும், மொட்டை மாடியிலேர்ந்தா?

ஹோய்: சும்மா கேட்டேன்.

லான்: சும்மா இரு. அதான் உன் வேலை இப்ப.

ஹோய்: ...அந்தச் சிங்கப்பூர் சிங்க ஆட்டக் குழுவுல உனக்கு வாலு யாரு?

லான்: ஒருத்தர்.

ஹோய்: ஒருத்தர்னா?

லான்: சிங்க ஆட்டத்துல பேர் போனவராம். என்னைத் தோள்ல தூக்கி நிறுத்திக்கிட்டே மூங்கில் மேல நடப்பாராம். தோள் ரெண்டும் தேக்குக் கட்டையாம்.

ஹோய்: தேக்குல சீக்கிரம் கரையான் வரும்.

லான்: வராது. தேக்குல மட்டும் வராது.

ஹோய்: சிங்கப்பூர்ல வரும். ஈரம் ஜாஸ்தி.

லான்: அவர் என்னைக் கீழ போட மாட்டார். அது போதும் எனக்கு.

ஹோய்: ...ஆரம்பிச்சுட்டியா.

லான்: கடலம்மன் கோயில் திருவிழா! ஊரே பாக்குது! நம்ம சிங்கம் எழும்பி நிக்குது, நான் உன் தோள் மேல, தலை நல்லா ஆட்டத்துல இருக்குது... வால் கையை விட்டுட்டான்! நான் போய் விழுந்த இடம் கருவாட்டுக் கூடை. ஒரு வாரம் தெருப்பூனை எல்லாம் ஊர்வலமா என் பின்னாலயே வந்துச்சு.

ஹோய்: அதுல ஒண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. அந்த மஞ்சப் பூனை.

லான்: விழுந்ததைக்கூட விட்டுடறேன். யானைக்கும் அடி சறுக்கும். எழுந்து நிக்கிறேன், தலைமுடியெல்லாம் இறால். "அடி பட்டுச்சா"ன்னு கேட்டியா? ஊர் முன்னால என்ன சொன்னே?

ஹோய்: அதை விடு, லான்.

லான்: சொல்லு, என்ன சொன்னே?

ஹோய்: ..."நீ குண்டாயிட்டே"ன்னேன்.

லான்: அன்னிக்கு ராத்திரி நம்ம வீட்டை விட்டு அக்கா வீட்டுக்குப் போனவதான். நீ வந்து கூப்பிடவே இல்ல.

ஹோய்: வந்தேன். உங்க அக்கா துடைப்பத்தோட நின்னாங்க.

லான்: என் அக்கா கையில எப்பவும் துடைப்பம் இருக்கும். அது அவ சுபாவம்.

மாக்: ரெடியா? புழு! ரெடியா?

ஹோய்: டைரக்டர், ஒரு சின்னச் சந்தேகம்!

மாக்: வாலுக்கு என்னடா சந்தேகம்?

ஹோய்: சாகற வேஷம் போட்டா சிவப்பு உறையில காசு வச்சுக் குடுக்கணுமே, தோஷம் கழிய. தலைக்குக் குடுத்தீங்க. எனக்கு வரலியே?

மாக்: ஒரு புழு, ஒரு சாவு, ஒரு உறை!

ஹோய்: அங்கதான் தப்பு நடந்துபோச்சு. மண்புழுவை ரெண்டா வெட்டினா ரெண்டும்தானே நெளியுது? உறை வாங்கின பாதி நிம்மதியாச் செத்துப்போச்சு. வாங்காத பாதி எப்படிச் சாகும்? பொய்ச் சாவுக்கு உறை வாங்கலன்னா நிஜச் சாவு முகவரி விசாரிச்சுக்கிட்டு வீட்டுக்கு வருமாம், டைரக்டர். அப்புறம் உங்க படத்துக்குத்தான் கெட்ட பேரு.

மாக்: த்தூ, த்தூ! நல்ல வார்த்தை பேசு! டேய், இன்னொரு உறை கொண்டாங்கடா. புழு வாய்ல போடு. பல்லு பத்திரம், ஒட்டினது இன்னும் காயல. தலை! அதை வாலுக்கு அனுப்பு!

லான்: இந்தா, பிடி.

ஹோய்: எட்டல.

லான்: நீட்டு.

ஹோய்: நீட்டிட்டேன்... ம். கிடைச்சுது.

லான்: அது என் கை.

ஹோய்: ஓ... உறைன்னு நினைச்சேன்.

லான்: தெரிஞ்சுபோச்சுல்ல? விடு.

ஹோய்: விடறேன்... இருட்டுல ஒண்ணும் தெரியல.

லான்: ஹோய். விடு.

ஹோய்: விட்டாச்சு.

மாக்: தோஷம் போச்சா? இனிமே தும்மல், எறும்பு, சந்தேகம் ஒண்ணும் கிடையாது! கஞ்சி ஊத்தி முடிச்சதும் எடுக்கறோம்!

ஹோய்: லான்...

லான்: என்ன?

ஹோய்: நாம நல்லாத்தானே விழுங்கினோம்?

லான்: என்ன?

ஹோய்: இந்தப் படத்துல. ஒரு ட்ராமை விழுங்கினோம். போலீஸ் ஸ்டேஷனை விழுங்கினோம். அந்த விஞ்ஞானியை, மூக்குக் கண்ணாடியோட. வேற ஜோடியைப் போட்டுப் பாத்தப்ப புழு தன் வாலைத் தானே மிதிச்சுக் கவுந்துச்சாம். அதனாலதானே டைரக்டர் உங்க அக்கா வீட்டுக்கும் வந்தார், என் கிட்டயும் வந்தார்?

லான்: ...ட்ராம் நல்லா வந்துச்சு.

ஹோய்: நீ மூச்சு இழுத்தப்ப நானும் இழுத்தேன். யாரும் "இப்ப"ன்னு சொல்லவே இல்ல.

லான்: இப்ப எதுக்கு அதெல்லாம்?

ஹோய்: எறும்பு கடிக்கல, லான்.

லான்: தெரியும்.

ஹோய்: தும்மலும் வரல.

லான்: அதுவும் தெரியும். உன் நிஜத் தும்மல் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.

ஹோய்: புழு செத்தா தையலைப் பிரிச்சுடுவாங்க. பிரிச்சா நீ போயிடுவே. அதான் ஆட்டினேன்... இன்னொண்ணும் சொல்லிடறேன், திட்டாதே. நீ குண்டாகல.

லான்: ஹூம். இப்ப வந்து சொல்லு.

ஹோய்: என் தோள் போயிடுச்சு. வலது பக்கம். புது வருஷத்துலேர்ந்தே. ராத்திரி திரும்பிப் படுக்க முடியாது. அன்னிக்கு உன்னைத் தூக்கினதும் கை மரத்துப்போச்சு... நான் விடல, லான். கை தானா விட்டுடுச்சு.

லான்: ஏன்டா சொல்லல?

ஹோய்: சொல்லியிருந்தா குழுவுல உனக்கு வேற வாலைப் போட்டிருப்பாங்க. நல்ல தோளா, தேக்குத் தோளா. நான் ஓரமா நின்னு மேளம் அடிச்சுக்கிட்டு, உன்னை வேற ஒருத்தன் தூக்கறதைப் பாக்கணும். அதுக்குப் பதிலா நீ குண்டுன்னு சொல்லிடலாம்னு தோணிச்சு. வாய்க்கு வந்தது அதுதான்.

லான்: அதுதான் வந்துச்சாக்கும்? ஊர்ல இருக்கற அத்தனை வார்த்தையையும் விட்டுட்டு?

ஹோய்: மூளை வால்ல இருக்காதுல்ல.

லான்: சிரிக்க வைக்காதே. முதுகு குலுங்கும். வெளிய தெரியும்.

ஹோய்: மன்னிச்சுக்கோ, லான். கூடைக்கும் சேத்து. பூனைக்கும் சேத்து.

லான்: ...தைலம் போடறியா?

ஹோய்: கை பின்னால எட்டறதில்ல.

லான்: ம்.

மாக்: கஞ்சி ஆச்சு! எல்லாரும் இடத்துக்கு! ஹீரோ சார், காலை எடுத்து வைங்க. இன்னும் கொஞ்சம் இடது பக்கம்...

ஹோய்: லான், கேளு. இந்தத் தடவை நான் ஆட்ட மாட்டேன். உன் வழியில படுத்துக் கிடந்தா நல்லா இருக்காது. நீ போ. நல்ல தோள் கிடைச்சிருக்கு, விட்டுடாதே. போய்ச் சேந்ததும் ஒரு வரி எழுதிப் போடு... போடலன்னாலும் பரவால்ல.

லான்: பேசாம சாவு.

ஹோய்: செத்துட்டேன்.

மாக்: கேமரா... ஆக்‌ஷன்! ஹீரோ சார், வசனம்... கண்ணீர்... ஆஹா, வாலைப் பாருங்கடா! கருங்கல்லு! இதுதான்டா சாவு! காலையிலேர்ந்து இதைத்தானே கேட்டேன்... அப்படியே... இன்னும் ஒரே ஒரு வரி... அப்படி... ஐயோ! ஐயோ! கட்! கட்! தலை ஏன்டா எழுந்திருக்குது?

ஹோய்: என்ன?

மாக்: தலை எழுந்து உக்காந்திருக்குது! ஹீரோவைப் பாத்துத் தலையை ஆட்டுது! ஹீரோ சார், விழுந்துட்டீங்களா? யாராவது அவரைத் தூக்குங்கடா! ஏய் தலை! உனக்கு என்ன கேடு வந்துச்சு? வால் செத்தா தலை பிழைக்குது, தலை செத்தா வால் பிழைக்குது, இதை நான் எப்பத்தான் சாகடிக்கறது?

லான்: எறும்பு கடிச்சுது, டைரக்டர்!

மாக்: எறும்பு! நாளைக்குத்தான் இனிமே! பச்சைக் கஞ்சி ஒரு சொட்டு இல்ல! எல்லாரும் வீட்டுக்குப் போங்க! டேய், யாராவது கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு வாங்கடா!

ஹோய்: லான்! பைத்தியமா உனக்கு? நான் மூச்சைக்கூட விடல! தையல் பிரிக்கிறதுக்குள்ள உன் கப்பல் போயிடும்!

லான்: நான் ஏறல. அது நேத்தே போயிடுச்சு, மடையா.