நாற்பத்து மூன்று சவலைகள்

— இது என் பதினேழாம் நம்பர் செடி இல்லை, மாணிக்கண்ணே. அது என் முழங்காலுக்குக்கூட வராது.

— நான் தண்ணி ஊத்தின எல்லாமே வளரும், எஸ்தர் மேடம். நான் மட்டும்தான் வளரலை.

— சிரிக்கிற நிலைமையில நான் இல்லை. நாப்பத்திமூணு செடி குட்டையா நின்னுச்சே, அதெல்லாம் எங்க?

— புடுங்கிட்டேன்.

— புடுங்கிட்டீங்களா?

— நர்சரியில இருபது வருசமா இதானே என் வேலை. சவலையைக் கழிச்சுட்டு அந்த இடத்துல நல்லதா ஒண்ணு வெக்கிறது. நீங்க கோயமுத்தூர் லேபுக்குப் போன இந்த எட்டு மாசத்துல வரிசை எப்படி வந்துக்கினு இருக்குது பாருங்க, சீப்புப் பல்லாட்டம். சீப்பே தேவைப்படாத தலைக்காரன் சொல்றேன்.

— அந்தச் சவலைதாண்ணே எனக்கு வேணும். ரெண்டு ஜாதி சவுக்கைக் கலந்தோம். தாய்கிட்டருந்து ஒரு கெட்ட ஜீன், அப்பன்கிட்டருந்து ஒண்ணு. ரெண்டும் ஒரே செடியில சேந்தா அது எழும்பாது. அந்த ஜீன் எந்த இடத்துல உக்காந்துக்கினு இருக்குதுன்னு மேப் போடணும்னா, எழும்பாத செடியோட இலை வேணும்.

— பாஸானவனை விட்டுட்டு ஃபெயிலானவன் பேப்பரைத் தேடுறீங்க. எங்க வாத்தியாருக்கு இந்த புத்தி இருந்திருந்தா நானும் ஆபீசராயிருப்பேன்.

— மூணு வருச உழைப்புண்ணே. கெட்ட ஜீன்னு கட்டுரையே எழுதி முடிச்சாச்சு. நாளைக்கு என் ஆராய்ச்சி கைடு இந்தத் திருமுக்கூடல் வெயில்ல வந்து நிப்பாரு. அவருகிட்ட சீப்பையா காட்டுறது?

— கோச்சுக்காதீங்க மேடம்.

— நம்பர் தகடாவது எங்கன்னு சொல்லுங்க.

— செடியிலயேதான் கட்டியிருக்குது.

— செடி?

— குப்பையில போட மனசு வரலைமா. வண்டியில வெச்சு மூணு நடை அடிச்சு பிள்ளையார்பாளையத்துல எங்க வூட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். சாயக்காரர் வூட்டுல ஓட்டை டின்னா கேட்டு வாங்கி மாடியில வரிசையா வெச்சேன். துணி காயப்போட இடமில்லைன்னு எம் பொண்டாட்டி ஜெயம்மா எங்கிட்ட பேசறதையே வுட்டுட்டா.

— உயிரோட இருக்குதா?

— நாப்பத்திமூணும்.

— அண்ணே, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். வாங்க, இப்பவே போய் இலை பறிச்சுடலாம். ஏன் நின்னுக்கினே இருக்கீங்க?

— ஒரு சின்ன சிக்கல் இருக்குது மேடம். இங்க ஊத்தறது போர்வெல்லு உப்புத் தண்ணி. அங்க நாங்க குடிக்கிற தண்ணியையே ஊத்தினேன். உங்க எழும்பாத செடி அத்தனையும் இப்ப என் தலைக்கு மேல நிக்குது.