அவர் பெயர் ஒட்டிய டப்பா

எனக்குப் பேருந்தில் நின்றுகொண்டு போவது ஒத்துக்கொள்ளாது, டாக்டர். அன்றைக்கு உட்கார இடம் கிடைத்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை சிலருக்குச் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும், அவ்வப்போது சோதித்துப் பார்த்தால் சமயத்தில் மருந்தை மாற்றிவிடலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஊசி என்றாலே அவருக்குப் பாதி உயிர் போய்விடும். ரத்தம் கொடுக்காமல் நழுவிவிடுவார். சிறுநீர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் பார்க்க நடப்பதும் கௌரவக் குறைச்சல். அந்த வேலை என் தலையில் விழுந்தது. நோய் எனக்கு இல்லை, அதற்கான ஓட்டமெல்லாம் என்னுடையது.

ஒரு தரம் பேருந்து குலுங்கியதில் டப்பா கவிழ்ந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால், "ஒரு டப்பாவ ஒழுங்கா பிடிக்கத் தெரியாதா? பிரேக்க மிதின்னா ஹாரனை அடிக்கிற ஜென்மம்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பார். பரிசோதனைக்கூடத்துக் கழிப்பறையில் நானே நிரப்பிக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. அன்று அவர் என்னைத் திட்டவில்லை.

அடுத்த தரமும் அப்படியே செய்தேன். அப்புறம் பழகிவிட்டது.

வீட்டில் கழிப்பறை கழுவுகிறவள் நான். அவர் போய்வந்த பிறகு நுரை நிற்பதை உங்கள் எல்லாருக்கும் முந்தியே பார்த்தவள் நான்தான். கால் வீங்கியது. செருப்பு கடிக்கிறது என்றார். ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கொடுத்தேன். சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அந்த முதல் டப்பாவையும் சொல்ல வேண்டும். எரிச்சலாக இருந்தது, டாக்டர். அவர் நோய்க்கு நான் ஓடி, அவர் வாய்க்கு நான் பயந்து, கடைசியில் குற்றவாளியும் நானா? தவிர, முடிவு நன்றாக வந்த நாட்களில் மனிதர் மனிதராக இருந்தார்.

இப்போது டயாலிசிஸில் கிடக்கிறார். எல்லாரும் மாத்திரையைத் திட்டுகிறார்கள். "உங்க கிட்னி ரொம்ப நல்லா இருக்கும்மா, அவருக்குப் பொருந்தும்" என்று நேற்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. இத்தனை வருஷமாக அவர் பெயரில் வந்த முடிவெல்லாம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு குடுத்துடு, இனிமே சத்தமே போட மாட்டேன்" என்றார். நன்றாக யோசித்துப் பார்த்தேன். கொடுப்பதாக இல்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவரை என்னைப் போல யார் கவனித்துக்கொள்வார்கள், நீங்களே சொல்லுங்கள்.